பதினோராவது இடத்துக்குப் புள்ளி கிடையாது

அலிப்பூர்: "ஆறு பேர் ஓடிய பந்தயத்தில் நாலாவதாக வந்தவர்தானே ஸார் உங்கள் ஊர்க்காரர்?"

கல்கத்தாவில் உத்தியோகம் பார்க்கும் தமிழர் எவரும், மோட்டார்ப் பந்தயப் பேச்சு எழும்போதெல்லாம், வங்காள நண்பர்களிடமிருந்து இந்தக் கேள்வியைக் கேட்காமல் தப்ப முடியாது. கேட்பவர் சிரித்துக்கொண்டே கேட்பார். கெட்ட எண்ணம் ஒன்றும் இராது. கேள்வியில் உள்ள கணக்கும் சரியான கணக்கே. ஆகவே பதில் சொல்ல வேண்டியவர் சற்றுத் திணறத்தான் செய்வார். இரண்டு கோப்பைத் தேநீர் ஆறுகிற வரையில் வாதாடிவிட்டு, கடைசியில், "ஃபார்முலா ஒன் காரில் உட்கார்ந்த முதல் இந்தியர் யார் என்று சொல்லுங்கள், தாதா" என்று பேச்சை வேறு பக்கம் திருப்பி விடுவார்.

2005-ம் வருஷத்துப் பந்தயங்கள் முடிந்து இருபது வருஷங்கள் ஓடிவிட்டன. ஆயினும் அந்த வருஷத்தைப் பற்றிய விவாதம் அலிப்பூர், சேத்லா வட்டாரத் தமிழர்களிடையே இன்னும் ஓயவில்லை. 2024-ல் சென்னைத் தீவுத் திடலைச் சுற்றி இரவு நேரத் தெருப் பந்தயம் நடந்ததும், அதே இந்தியப் பந்தய விழாவில் கல்கத்தாவின் பெயரில் ஓர் அணி, பெஹாலாவின் செல்லப் பிள்ளையான சௌரவ் கங்குலியை உரிமையாளராகக் கொண்டு இறங்கியதும், ஆறிக் கிடந்த விவகாரத்தை மறுபடியும் சூடேற்றி விட்டன. அந்த வருஷத்தில் மிகச் சிறப்பாகக் காரோட்டியவர் யார், நரேன் கார்த்திகேயனின் ஆகச் சிறந்த பந்தயம் எது என்ற இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் தெளிவு பிறக்கும்.

முதல் கேள்வி

உலக அளவில் பார்த்தால், அந்த வருஷப் போட்டி இரண்டே பேருக்கு இடையில்தான். ரெனோ காரோட்டிய ஸ்பெயின் இளைஞர் பெர்னாண்டோ அலோன்ஸோ ஒருவர். மெக்லாரன் காரோட்டிய பின்லாந்துக்காரர் கிமி ராய்க்கோனென் மற்றவர். இருவரும் ஆளுக்கு ஏழு பந்தயங்களில் வென்றனர். அலோன்ஸோவுக்கு 133 புள்ளிகள், ராய்க்கோனெனுக்கு 112. அதற்கு முந்தைய ஐந்து வருஷங்களாக யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் பட்டத்தை வைத்திருந்த மைக்கேல் ஷூமாக்கர் 62 புள்ளிகளோடு எட்டாத தூரத்தில் மூன்றாவதாக நின்றார். 24 வயதில், அன்றைய தேதிக்கு மிக இளைய உலகச் சாம்பியனாக, பிரேஸில் பந்தயத்திலேயே அலோன்ஸோ பட்டத்தை உறுதி செய்துகொண்டு விட்டார்.

பட்டம் அலோன்ஸோவுக்கு, ஆனால் சிறந்த டிரைவர் ராய்க்கோனெனே என்று வாதிப்பவர்கள் இங்கும் உண்டு, வெளிநாடுகளிலும் உண்டு. அவர்களுடைய வாதம் லேசானதன்று. இமோலாவில் ராய்க்கோனென் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தபோது காரின் அச்சு முறிந்தது. ஹாக்கன்ஹைமில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தபோது ஹைட்ராலிக் அமைப்பு கைவிட்டது. நூர்பர்க்ரிங்கில் நடந்ததோ கதை போல் இருக்கும். அந்த வருஷம் ஒரு விசித்திரமான விதி அமலில் இருந்தது. தகுதிச் சுற்றுக்கும் முழுப் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே ஜதை டயர்கள்தான். நடுவில் மாற்றக் கூடாது. பிரேக் போடும்போது வழுக்கி ராய்க்கோனெனின் முன் டயர் ஓரிடத்தில் தட்டையாகத் தேய்ந்துவிட்டது. நிறுத்தி மாற்றினால் வெற்றி போய்விடும். மாற்றாவிட்டால் சக்கரம் தாங்குமா என்பது சந்தேகம். கார் அதிர அதிர ஓட்டிக்கொண்டே போனார். கடைசிச் சுற்றின் தொடக்கத்தில் முன் சக்கரத்தைப் பிடித்திருந்த தண்டு உடைந்து கார் பாதையை விட்டுப் பாய்ந்தது. பின்னால் வந்த அலோன்ஸோவுக்குப் பத்துப் புள்ளிகள் கிடைத்தன.

அதன் பின் அக்டோபரில் ஜப்பானின் சுஸூக்கா பந்தயம். தகுதிச் சுற்றில் மழை புகுந்து குழப்பியதில் ராய்க்கோனென் 17-வது இடத்திலிருந்து புறப்பட வேண்டியதாயிற்று. ஒவ்வொருவராக முந்திக்கொண்டே வந்து, கடைசிச் சுற்றின் முதல் வளைவில், வெளிப்புறமாகவே ஃபிஸிகெல்லாவைத் தாண்டி வென்றார். அதே பந்தயத்தில் அலோன்ஸோவும் பின் வரிசையிலிருந்து புறப்பட்டு, 130ஆர் எனப்படும் அந்த உயிரைப் பணயம் வைக்கும் வளைவில் ஷூமாக்கரை வெளிப்புறமாக முந்தி, மூன்றாவதாக வந்தார். அந்த ஒரு பிற்பகலில் இருவரும் காட்டிய சாமர்த்தியத்தைப் பார்த்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

எனினும், ஒரு பந்தயத்தின் பிரமாதம் வேறு. ஒரு வருஷத்தின் உழைப்பு வேறு. இமோலாவில் ஷூமாக்கர் தன் வேகமான ஃபெராரியை அலோன்ஸோவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு கடைசிப் பன்னிரண்டு சுற்றுகள் வரை துரத்தினார். அலோன்ஸோ ஒரு தடவைகூட இடைவெளி விடவில்லை. அரை வினாடியிலும் குறைவான வித்தியாசத்தில் வென்றார். மெக்லாரன் வேகமானது, ரெனோ உறுதியானது என்பதை உணர்ந்து, வெல்ல முடியாத இடங்களில் இரண்டாவது இடத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் நிதானமும் அவரிடம் இருந்தது. கனடாவில் ஒரே ஒரு தடவை சுவரை உரசிக் காரை முடக்கிக்கொண்டார். சிறந்த பந்தயம் ராய்க்கோனெனுடைய சுஸூக்கா, சிறந்த வருஷம் அலோன்ஸோவுடையது என்று சொல்வதுதான் நியாயம். இரண்டையும் ஒருவருக்கே கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் பந்தயத்தை ரசிப்பவர்களல்லர்; கட்சி கட்டுபவர்கள்.

குதிரையா, சவாரிக்காரனா?

அலிப்பூர் மிருகக்காட்சி சாலையைத் தாண்டி, ஆதிகங்கைக் கால்வாயின் மேல் ஜீரட் பாலத்தில் ஏறி இறங்கினால், குதிரைப் பந்தய மைதானம் தென்படும். அங்கே பணம் கட்டித் தோற்ற பெரியவர்கள் சொல்லும் ஒரு விஷயம் மோட்டார்ப் பந்தயத்துக்கும் நன்றாகப் பொருந்தும். பல பந்தயங்களில் எல்லாக் குதிரைகளும் ஒரே சுமையோடு ஓடுவதில்லை. வல்ல குதிரையின் சேணத்தில் ஈயக் கட்டிகளைச் செருகிச் சுமையைக் கூட்டுவார்கள், நோஞ்சானுக்குக் குறைப்பார்கள். சுமையை நிர்ணயிப்பதற்கென்றே ஓர் அதிகாரி உண்டு. எல்லாக் குதிரைகளும் ஒரே சமயத்தில் எல்லைக் கம்பத்தைத் தொட வேண்டும் என்பது அந்த அதிகாரியின் கனவு. அப்படியிருந்தும் ஒன்று முந்தினால், அதில் ஏறியிருந்தவனின் கைக்கும் அதில் பங்கு உண்டு என்று கொள்ளலாம்.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 2005-ல் இப்படிப்பட்ட ஏற்பாடு ஏதும் கிடையாது. பணமுள்ளவன் காற்றுச் சுரங்கத்தில் இரவு பகலாகக் காரைச் செதுக்குவான். இல்லாதவன் போன வருஷத்துக் காரையே தட்டிக் கொட்டி ஓட்டுவான். நல்ல நிலக்கரியும் புதிய பாய்லரும் கொண்ட மெயில் வண்டியையும், சாம்பல் நிலக்கரியோடு இழுபடும் பாஸஞ்சரையும் ஒரே கால அட்டவணையில் ஓடவிட்டு, தாமதமாக வந்ததற்குப் பாஸஞ்சர் டிரைவரிடம் விளக்கம் கேட்பது போன்றது அது. நரேன் கார்த்திகேயன் ஏறியது அந்தப் பாஸஞ்சரில்தான். ஜோர்டன் அணி ஒரு காலத்தில் பந்தயங்களில் வென்ற அணி. 2005 தொடங்கும்போது கைமாறிவிட்டது. அந்த வருஷத்தோடு அதன் பெயரும் மறைந்தது.

இந்த நிலையில் ஒரு டிரைவரை எதைக் கொண்டு அளப்பது? ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு. அதே அணியில், அதே காரில், அதே டயரில் ஓடுகிற இன்னொருவன் என்ன செய்தான்? நரேனுக்கு அந்த இன்னொருவர் போர்ச்சுகல் நாட்டு டியாகோ மான்டெய்ரோ. இருவருக்குமே அது முதல் வருஷம். தராசின் இரண்டு தட்டும் இதைவிடச் சமமாக அமைவது அபூர்வம்.

கோயம்புத்தூரிலிருந்து

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காக இரண்டு வார்த்தை. நரேனின் தந்தை ஜி.ஆர்.கார்த்திகேயன் தென்னிந்திய ராலியில் பலமுறை வென்றவர். உறவினர் கரிவரதன், சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில் புகழ் பெற்ற ஓட்டி. அத்தோடு நில்லாமல், மாருதி எஞ்சினை வைத்து மலிவான ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களைக் கட்டி, பணக்கார வீட்டுப் பிள்ளையல்லாதவனும் இந்த விளையாட்டுக்குள் நுழைய வழி செய்தவர். 1995-ல் சிறு விமான விபத்தில் மாண்டார். அந்த மாருதி எஞ்சின் கார்களில்தான் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே நரேனின் முதல் ஓட்டம். பிறகு பிரான்ஸில் பயிற்சி, இங்கிலாந்தில் வருஷக் கணக்கில் சிறு பந்தயங்கள், 1996-ல் ஃபார்முலா ஆசியாப் பட்டம். 2005 மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை, இந்திய நேரப்படி காலை எட்டரை மணிக்கு, மெல்போர்னில் முதல் இந்தியர் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் புறப்பட்டார்.

சோழவரம் போலவே கல்கத்தாவுக்கும் ஒரு காலம் இருந்தது. பாரக்பூர் விமானத்தளத்தில் கார்கள் உறுமியதைப் பார்த்த முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உத்தர்பாராவில் அம்பாஸிடர் கார்கள் 2014 வரை தயாராகிக்கொண்டிருந்த மாநிலம் இது. கார் வாசனை அறியாத ஊர் அல்ல கல்கத்தா. ஆகையால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தவர்கள் தமிழர்கள் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம்.

இண்டியானாபொலிஸ்

இனி, வங்காள நண்பரின் கேள்விக்கு வருவோம். 2005 ஜூன் 19. அமெரிக்காவில் பந்தயம். இரண்டு நாள் முன்பு, மேடு கட்டிய 13-வது வளைவில், ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் பழுதாகிக் கார் சுவரில் மோதியது. தங்கள் டயர்கள் அந்த வளைவின் அழுத்தத்தை முழுப் பந்தயத்துக்கும் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று மிஷெலின் கம்பெனி கைவிரித்தது. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க ஒரு நெளிவு அமையுங்கள் என்றனர் அணியினர். விதி இடந்தராது என்றனர் அதிகாரிகள். இரு தரப்பும் பிடிவாதம். விளைவு, ஏழு அணிகளின் 14 கார்கள் ஒரு சுற்று மெதுவாக வந்துவிட்டு, கொட்டகைக்குள் திரும்பி விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறே ஆறு கார்கள், அதாவது ஃபெராரி இரண்டு, ஜோர்டன் இரண்டு, மினார்டி இரண்டு, புறப்பட்டன. டிக்கெட் வாங்கி வந்த ஜனங்கள் கூச்சலிட்டார்கள். பாட்டில்கள் பாதையில் வந்து விழுந்தன. இந்தியாவில் அப்போது நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு ஃபெராரிகள் முன்னால்; மான்டெய்ரோ மூன்றாவது; நரேன் நான்காவது. ஐந்து புள்ளிகள். வருஷம் முழுக்க அவருக்குக் கிடைத்த புள்ளிகள் அவ்வளவே. அந்த ஐந்தைக் கொண்டு சாம்பியன் பட்டியலில் 18-வது இடம். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் என்ற வகையில் அந்த ஐந்துக்குச் சரித்திரத்தில் இடம் உண்டு. அதை யாரும் அழிக்க முடியாது.

இதைப் பற்றி நம்மவர்களில் இரண்டு கட்சி. "நாலாவது நாலாவதுதான், ஓடாதவன் ஓடாததற்கு இவர் என்ன செய்வார்?" என்பது ஒரு கட்சி. "வேண்டாம் சார், அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே கௌரவம்" என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே பாதி வழியில் நின்றுவிடுகின்றன.

ஒரு விஷயத்தை இரு கட்சியாரும் கவனிப்பதில்லை. அந்த வருஷம் முழுவதும் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பின்தங்கிய டயர். ஐந்து வருஷம் தொடர்ந்து சாம்பியனாக இருந்த ஷூமாக்கரே அந்த டயர்களோடு 2005-ல் வென்றது இண்டியானாபொலிஸ் ஒன்றில்தான். மிஷெலின் போட்டவர்கள் மற்ற 18 பந்தயங்களிலும் அந்தச் சாதகத்தை அனுபவித்தார்கள். யாரும் அவர்களுடைய வெற்றிகளுக்குக் கழிவு போடவில்லை. வேகத்துக்காக ஒரு டயரைத் தேர்ந்தெடுத்தவன், அது தாங்காத இடத்தில் அதன் நஷ்டத்தையும் ஏற்கத்தானே வேண்டும்? 18 வாரம் ஏழையாக இருந்தவனுக்கு ஒரு வாரம் சீட்டு விழுந்தால், அதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை. மேலும், ஆறு கார்கள் ஆனாலும் 73 சுற்றுகள் ஓட்டித்தான் தீர வேண்டும். புறப்பாட்டு வரிசையில் நரேனுக்கு ஓரிடம் முன்னால் நின்றவர் மினார்டியின் ஆல்பர்ஸ். முடிவில் ஆல்பர்ஸ் பின்னால் இருந்தார்.

அதற்காக அதையே அவருடைய சிறந்த பந்தயம் என்று தலையில் வைத்துக் கொண்டாடலாமா? கூடாது. அளவுகோலை வைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். அதே கார், அதே டயர், அதே நாள். மான்டெய்ரோ மூன்றாவது, நரேன் நான்காவது. போர்ச்சுகல் நாட்டவர் ஒருவர் பரிசு மேடையில் நின்றது அதுவே முதல் தடவை. சக டிரைவருக்குப் பின்னால் வந்த ஒரு பந்தயத்தை, புள்ளி கிடைத்தது என்ற ஒரே காரணத்துக்காகச் சிறந்தது என்பது, சம்பள நாளைப் பார்த்து ஒருவனுடைய வேலைத் திறமையை மெச்சுவது போல.

மழை தந்த வரிசை

வேறு சிலர் சுஸூக்காவைச் சொல்வார்கள். ராய்க்கோனென் 17-வதாகவும், ஷூமாக்கர் 14-வதாகவும் நின்ற வரிசையில் நரேன் 11-வதாக நின்றார் என்பது உண்மையே. இதைச் சொல்லும்போது சிலருக்கு முகமே மலர்ந்துவிடும். ஆனால் அந்த வருஷத் தகுதிச் சுற்றில் ஒவ்வொருவராகத்தான் பாதையில் இறங்க வேண்டும். முந்தைய பந்தயத்தில் பின்தங்கியவர் முன்னதாக, வென்றவர் கடைசியாக என்பது முறை. முன்னதாகப் போனவர்களுக்குப் பாதை பரவாயில்லை. பெரிய தலைகள் இறங்கும்போது மழை கொட்டியது. நரேன் தன் சுற்றைப் பிசகில்லாமல் ஓட்டினார், அது அவர் திறமை. ஆனால் மற்றவர்களைப் பின்னுக்குத் தள்ளியது மேகம். மறுநாள் பந்தயத்தில் அவர் 15-வதாக வந்தார். மெல்போர்னில் முதல் பந்தயத்திலேயே 12-வது இடத்திலிருந்து புறப்பட்டதும் ஏறக்குறைய இதே வகைதான். அங்கும் மழை குறுக்கிட்டு ஷூமாக்கர் கடைசி வரிசைக்குப் போயிருந்தார். எனினும் முதல் பந்தயத்தையே பழுதில்லாமல் முடித்து, மான்டெய்ரோவுக்கு ஓரிடம் முன்னால் 15-வதாக வந்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஹங்கேரியைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பவர்களும் உண்டு. அங்கே அலோன்ஸோ முதல் சுற்றிலேயே உரசிக்கொண்டு 11-வதாகத் தேய்ந்து வந்தார்; அவருக்கு அடுத்து 12-வதாக நரேன். "உலகச் சாம்பியனுக்கு அடுத்த இடம் எங்கள் ஆள்" என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வேடிக்கை வேடிக்கையாகவே இருக்கட்டும்.

மான்டெய்ரோவின் கணக்கு

எதிர்த் தட்டையும் நேர்மையாக நிறுத்தத்தான் வேண்டும். 19 பந்தயங்களில் மான்டெய்ரோ 18-ஐ முடித்தார். முதல் வருஷ டிரைவர் ஒருவருக்கு இது அசாதாரணமான காரியம். நரேன் முடித்தது 14. முடிக்காத ஐந்தில் பஹ்ரைனிலும் பிரிட்டனிலும் மின்சாரக் கோளாறு. அதற்கு அவர் பொறுப்பல்ல. சீனாவில் கடைசிப் பந்தயத்தில் சுவரில் பலமாக மோதிக் கார் சிதறியது. அதை மின்சாரத்தின் தலையில் போட முடியாது. பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில், ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வந்த பந்தயத்தில், எல்லா அணிகளும் ஓடும்போதே மான்டெய்ரோ எட்டாவதாக வந்து ஒரு புள்ளி பெற்றார். இண்டியானாபொலிஸில் பெற்ற ஆறு புள்ளிகளைவிட அந்த ஒரு புள்ளி கனமானது என்று எவரும் ஒப்புவர். அன்று நரேன் 11-வது.

வேகத்தில் நரேன் எவ்விதத்திலும் சளைத்தவரல்லர். அவர் ஓட்டத்தில் ஒரு துணிச்சல் இருந்தது. ஆனால் வண்டியை ஸ்டேஷன் சேர்ப்பதும் டிரைவரின் வேலையே. வருஷக் கணக்கைப் பார்த்தால் ஜோர்டனில் அந்த வருஷம் மான்டெய்ரோவின் வருஷம். தமிழன் என்பதற்காகத் தராசைச் சாய்த்தால், நாளை தராசில் நிஜமாகவே நம் பக்கம் கனக்கும்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

செபாங்

அப்படிக் கனத்த நாள் ஒன்று உண்டு. மார்ச் 20, மலேஷியாவின் செபாங். வருஷத்தின் இரண்டாவது பந்தயம். ஐந்தரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பாதையில் 56 சுற்றுகள், ஆக 310 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்கு அருகில், நடுப்பகல் தாண்டிய உக்கிரமான வெயில். வைசாக மாதத்தில் ஹௌரா ஸ்டேஷன் தகரக் கூரைக்குக் கீழே கம்பளிக் கோட்டும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றால் ஒருவாறு ஊகிக்கலாம். அப்போதும் கையில் ஸ்டியரிங் இருக்காது.

அன்று மழை வந்து எவரையும் உயர்த்தவில்லை, தாழ்த்தவில்லை. யாரும் பகிஷ்காரம் செய்யவில்லை. இருபது கார்களும் முறையாகப் புறப்பட்டன. ஒரே எஞ்சின் இரண்டு பந்தயங்களுக்கு உழைக்க வேண்டும் என்பது விதியாதலால், முதல் பந்தயத்தில் ஏற்கெனவே களைத்த எஞ்சின்களுக்குச் செபாங் வெயில் சோதனைக் களம். டயரும் மாற்றக் கூடாது. அந்தச் சூட்டில் பின்தங்கிய டயரைத் தேய்த்துத் தீர்த்துவிடாமல் 56 சுற்றுக்கும் பங்கிட்டுச் செலவழிக்க வேண்டும். மாதச் சம்பளத்தைக் கடைசித் தேதி வரை இழுப்பவர்களுக்கு அந்த வித்தை புரியும்.

இரண்டாவது சுற்று முடிவதற்குள் பி.ஏ.ஆர். அணியின் இரண்டு கார்களும் எஞ்சின் புகைந்து நின்றன. பிறகு ஃபிஸிகெல்லாவும் வெப்பரும் முட்டிக்கொண்டு வெளியேறினார்கள். மூத்தவர்கள் சிலரும் வழியிலேயே விழுந்தார்கள். இருபதில் பதின்மூன்று கார்கள்தான் முடிவைக் கண்டன. அலோன்ஸோ வென்றார். நரேன் கார்த்திகேயன் 11-வது. அவருக்குப் பின்னால் 12-வதாக அதே மஞ்சள் காரில் மான்டெய்ரோ.

வாழ்நாளில் இரண்டாவது ஃபார்முலா ஒன் பந்தயம். காரும் தனது குறைகளும் இன்னும் பிடிபடாத நிலை. பின்னால் வருஷம் முழுதும் எதையும் தவறவிடாமல் முடித்துக்காட்டிய மனிதரை, சமமான கருவியோடு, சமமான வெயிலில் முந்தினார். இதில் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த வருஷத்தில் நரேனின் சிறந்த பந்தயம் செபாங்; இண்டியானாபொலிஸ் அல்ல, சுஸூக்காவும் அல்ல. ஆனால் 2005-ம் வருஷ விதிப்படி எட்டாவது இடம் வரையில்தான் புள்ளி. 11-வதுக்கு ஒன்றுமில்லை. ஆகவே அது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. வங்காள நண்பருக்கும் தெரியாது, பதில் சொல்லத் திணறிய தமிழ் நண்பருக்கும் தெரியாது.

இதற்கு இவ்வளவு வாதாட்டம் எதற்கு என்று கேட்கலாம். வருஷம் முடிந்தது. ஜோர்டன் பெயர் போய் மிட்லண்ட் என்று ஆயிற்று. 2006-ல் மான்டெய்ரோவுக்கு அங்கே ஆசனம் தொடர்ந்தது, நரேனுக்கு இல்லை. வில்லியம்ஸ் அணியில் பரிசோதனை ஓட்டுநராகச் சேர்ந்து, மற்றவர் பந்தயத்தில் ஓட்டப்போகிற காரைப் பழக்கிக் கொடுக்கும் வேலை பார்த்தார். பின்வரிசை அணிகளில் ஆசனம் கிடைப்பது டிரைவரின் கையை மட்டும் பொறுத்ததன்று. பின்னால் நிற்கும் பணப் பெட்டியையும் பொறுத்தது. அந்தப் பெட்டியைத் திறப்பவர்கள் செபாங்கின் 11-வதைப் படித்துப் பார்ப்பவர்கள் அல்லர். புள்ளி வரிசையின் கடைசிக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, அந்த ஐந்தும் எங்கிருந்து வந்தது என்று கேட்டுச் சிரிப்பவர்கள். 28 வயதில் ஆசனத்தை இழந்தவருக்கு மறுபடியும் ஃபார்முலா ஒன் பந்தய வரிசை 34 வயதில்தான், 2011-ல், ஹிஸ்பானியா அணியில் வாய்த்தது. ஓட்டியின் நல்ல வயது நடுவிலே போய்விட்டது. இடையில் சும்மா இருக்கவில்லை. 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாயில் இந்திய அணிக்கு ஏ ஒன் பந்தயத்தில் முதல் வெற்றியைத் தேடித் தந்தார். 2010-ல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

அந்த ஹிஸ்பானியா காரைப் பாஸஞ்சர் என்றுகூடச் சொல்ல முடியாது, கூட்ஸ் வண்டி. 2011 அக்டோபர் 30-ந் தேதி, டில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்திய கிராண்ட் பிரிக்ஸ் நடந்தபோது, சொந்த மண்ணில் நரேன் அதில்தான் ஓட்டினார். வெட்டல் வென்றார், பத்திரிகைகளில் படமெல்லாம் அவருடையது. நரேன் 17-வது. 18-வதாக, அதே அணியின் இன்னொரு காரில் வந்தவர் டேனியல் ரிக்கியார்டோ என்ற ஆஸ்திரேலிய வாலிபர். அந்த ரிக்கியார்டோ பிற்பாடு நல்ல கார் கிடைத்து எட்டு கிராண்ட் பிரிக்ஸ் பந்தயங்களில் வென்றார்.